எந்தத் தெரு இது?

சுவர் முழுக்க ஓட்டைகள். குண்டுச் சிதறல் பட்டுக் காரை பெயர்ந்து செங்கல் வெளியே தெரிகிறது. அதற்கு முன்னால் தெருவோரத்தில் சில குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, 1936-ன் கடைசி மாதங்களில், மாட்ரிட் நகரில் ராபர்ட் காப்பா எடுத்த புகைப்படம் இது. அந்நாளிலேயே ஐரோப்பியப் பத்திரிகைகளில் வெளியாகி, வானிலிருந்து ஊர்மக்கள் மேல் குண்டு போடுவது என்றால் என்ன என்பதை வெளியுலகுக்குக் காட்டிய படங்களில் ஒன்று. ஆனால் 'மாட்ரிட்' என்பதற்கு மேல் அதற்கு முகவரி இல்லாமலே இருந்தது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகுதான் அந்தச் சுவர் எங்கே என்று தெரிந்தது. வையேகாஸ் பகுதி, பெய்ரோன்செலி தெரு, எண் 10.

வீடு இடியவில்லை. அதைவிட, அதில் ஆட்கள் குடியிருந்தார்கள். ஓதம் ஏறிய சுவர்கள், மூச்சு முட்டும் சிறு அறைகள், வேறெங்கும் போக வழியில்லாத ஏழைக் குடும்பங்கள். படத்துக்கு முகவரி கிடைத்ததும் அந்த வீட்டைக் காப்பாற்ற ஓர் இயக்கம் தொடங்கியது. நகராட்சி அதைப் பாதுகாக்க வேண்டிய கட்டடமாக ஏற்றுக்கொண்டது. குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு கிடைக்க வழி பிறந்தது. ஒரு பழைய படம் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று தேடுவது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு தெருவைப் பார்த்தால் போதும்.

போரில் அழிந்த நகரத்தின் படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிப்பது மற்றப் படங்களைவிடக் கடினம். காரணம் எளிது. ஒரு தெருவைத் தெருவாக அடையாளம் காட்டுபவை கடைப் பலகை, கூரையின் வடிவம், மாடிமுகப்பு, சன்னல்களின் வரிசை, மரங்கள். குண்டு முதலில் கொண்டுபோவது இவற்றைத்தான். மிஞ்சும் செங்கற்குவியல் வார்சாவிலும் ஒன்றுதான், ஹாம்பர்க்கிலும் ஒன்றுதான். அதனால்தான் இடிபாட்டுப் படங்கள் எளிதில் ஊர் மாறிவிடுகின்றன. ஒரு நகரத்தின் துயரம் இன்னொரு நகரத்தின் பெயரில் அச்சாகிறது. அப்படி மாறும்போது தொலைந்துபோவது பெயர் மட்டும் இல்லை. அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தவர்கள் யார், எந்த விமானம் எந்த நாளில் வந்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்று விசாரிக்கும் வழியும் அடைபட்டுவிடுகிறது.

தேடலில் முதலில் சந்தேகப்பட வேண்டியது படத்தின் அடியில் உள்ள குறிப்பைத்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை 1863 ஜூலையில் நடந்தது. சண்டை ஓய்ந்ததும் அலெக்சாண்டர் கார்ட்னரும் அவருடைய கூட்டாளிகளும் அங்கே எடுத்த படங்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் படக்குறிப்பில் சொன்னபடியே நம்பப்பட்டன. வில்லியம் ஃப்ரஸனிட்டோ என்பவர் படங்களின் நகல்களைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வயல்களிலும் பாறைகளிலும் ஆண்டுக்கணக்கில் நடந்தார். 1975-ல் வெளிவந்த அவருடைய புத்தகம் பலவற்றைப் புரட்டிப்போட்டது. வடக்குப் படைவீரர்களின் சடலங்கள் என்று ஒரு படத்தில் சொல்லப்பட்டவையும், தெற்குப் படைவீரர்களின் சடலங்கள் என்று இன்னொரு படத்தில் சொல்லப்பட்டவையும் ஒரே ஆட்கள். எதிரெதிர்ப் பக்கம் நின்று எடுக்கப்பட்டிருந்தன, அவ்வளவுதான். பாறைகளுக்கு நடுவே கிடக்கும் 'குறிபார்த்துச் சுடும் வீரனின்' உடலோ, வேறிடத்தில் கிடந்ததைச் சுமார் 40 கஜ தூரம் தூக்கிவந்து காட்சிக்காக வைத்தது. பாறைகள்தான் இதைக் காட்டிக்கொடுத்தன. மரம் வளரும், வேலி மாறும். பாறையின் விரிசல் நூறு ஆண்டில் மாறுவதில்லை. இத்தனை உழைப்புக்குப் பிறகும், முதலில் சொன்ன அந்தச் சடலங்கள் கிடந்த வயல் எது என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

படக்குறிப்பு பொய் சொல்லாமலே திசைதிருப்பவும் முடியும். 1940 டிசம்பர் 29 இரவு லண்டன் மீது தீக்குண்டுகள் விழுந்தபோது, ஹெர்பர்ட் மேசன் தாம் வேலை பார்த்த டெய்லி மெயில் நாளிதழின் கட்டடக் கூரையில் நின்றுகொண்டிருந்தார். புகை விலகிய ஒரு கணத்தில் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடம் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து அவருடைய பத்திரிகை அந்தப் படத்தை வெளியிட்டபோது, முன்னால் எரிந்து கூடாக நிற்கும் கட்டடங்களில் ஒரு பகுதியை வெட்டிவிட்டு, குவிமாடத்தைப் பெரிதாக்கிக் காட்டியது. லண்டன் தாக்குப்பிடிக்கிறது என்பது செய்தி. அதே படம் அடுத்த மாதம் பெர்லினிலிருந்து வந்த வாரப் பத்திரிகையிலும் வெளியானது. அங்கே செய்தி, லண்டன் எரிகிறது. இரண்டு பத்திரிகைகளும் இடத்தைச் சரியாகவே சொன்னன. ஆனாலும் இரண்டு அச்சுப்படிகளை மட்டும் வைத்துக்கொண்டு கேமரா நின்ற இடத்தைக் கணக்கிட முயல்பவர் தடுமாறிப்போவார். வெட்டிய படத்தில் எது நடுப்புள்ளி, எவ்வளவு அகலம் பார்த்த லென்ஸ் என்பதெல்லாம் குலைந்துபோயிருக்கும். அதனால்தான் இந்த வேலையில் பழகியவர்கள் முதலில் கேட்பது அசல் நெகடிவ் எங்கே இருக்கிறது என்பதை.

நெகடிவைப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. கண்ணாடித் தகட்டையோ பிலிமையோ பின்பக்கமாக வைத்து அச்சிட்டுவிட்டால் படம் இடவலம் மாறிவிடும். இடிந்த நகரத்தில் இந்தத் தவறு கண்ணில் படாது, ஏனென்றால் திருப்பி வாசிக்க எழுத்து எதுவும் மிஞ்சியிருக்காது. ஆண்களின் சட்டைப் பொத்தான் எந்தப் பக்கம், வண்டி தெருவின் எந்த ஓரத்தில் போகிறது, சிப்பாயின் தோளில் துப்பாக்கி எந்தப் பக்கம் தொங்குகிறது என்று சில்லறைச் சாட்சிகளைத்தான் தேட வேண்டும். ஆற்றுக்குத் தென்கரையில் ஒரு வாரம் தேடிக் களைத்தவர் படத்தைத் திருப்பிப் பிடித்ததும் வடகரையில் விடை கிடைப்பது இந்தத் துறையில் நடக்கிற கதைதான்.

பிறகுதான் உண்மையான தேடல். அங்கே கண் பழக வேண்டிய விதம் ஒன்று உண்டு. இடிபாட்டுப் படத்தைக் கையில் எடுத்ததும் பார்வை இடிந்த பகுதிக்கே போகும். கேமராவும் அதைக் காட்டத்தான் அங்கே நின்றது. ஆனால் இடத்தைச் சொல்வது இடியாமல் நிற்பது. வார்சாவில் யூதர்கள் அடைக்கப்பட்டிருந்த பகுதியை 1943 கிளர்ச்சிக்குப் பிறகு ஜெர்மானியர்கள் தெருத்தெருவாகத் தரைமட்டமாக்கினார்கள். போர் முடிந்தபின் எடுத்த படங்களில் கண்ணுக்கு எட்டிய வரை செங்கல் கடல். அதன் நடுவில் ஒரே ஒரு தேவாலயம், உயரமான கோபுரத்தோடு. நோவோலிப்கி தெருவிலுள்ள புனித அகஸ்டின் தேவாலயம் அது, இன்றும் இருக்கிறது. அதை வைத்துத்தான் அந்தப் பகுதியின் படங்கள் பலவற்றில் எந்தத் தெரு எந்தப் பக்கம் ஓடியது என்று மீட்டெடுக்க முடிகிறது. இதில் மனதைப் பிசையும் செய்தி ஒன்று உண்டு. அங்கே பிறகு எழுந்த முரனோவ் குடியிருப்பை இடிபாடுகளை அப்புறப்படுத்தாமல் அவற்றின் மேலேயே கட்டினார்கள். படம் எடுத்தவர் நின்ற தரை இன்றைய தரைக்குக் கீழே புதைந்து கிடக்கிறது. இடம் தெரிந்தாலும் அந்த இடத்தில் போய் நிற்க முடியாது.

டிரெஸ்டனில் நிலைமை நேர்மாறு. 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய குண்டுவீச்சில் அந்த நகரத்தில் 25,000 பேர் வரை இறந்ததாக வரலாற்றறிஞர் குழு 2010-ல் முடிவுசெய்தது. அந்த அழிவின் முகமாக உலகம் அறிந்திருப்பது ரிச்சர்ட் பீட்டர் எடுத்த ஒரு படம். முன்னால் ஒரு கற்சிலை லேசாகக் குனிந்து, கீழே கிடக்கும் கூரையற்ற நகரத்தை நோக்கிக் கையை நீட்டுகிறது. தேவாலயத்து தேவதை என்று அதைப் பலகாலம் பலரும் எண்ணினார்கள். அது தேவதையும் இல்லை, இருப்பது தேவாலயத்திலும் இல்லை. நகர மன்றத்தின் கோபுரத்தைச் சுற்றி நிற்கும் நற்குணங்களின் உருவங்களில் ஒன்று அது, கருணையைக் குறிப்பது. சிலை இன்றும் அதே இடத்தில் நிற்பதால், பீட்டரின் கேமரா எங்கே இருந்தது என்பதை ஒரு முழ அளவுக்குள் சொல்லிவிடலாம். பார்வை தெற்கே. தேவதை என்ற எண்ணம் போய் நகர மன்றம் என்று தெரிந்ததும் படத்தின் பொருளும் நகர்கிறது. வானத்திலிருந்து வந்த ஆறுதலாகத் தெரிந்த கை, நகராட்சி தன் ஊரைச் சுட்டிக்காட்டும் கையாக மாறுகிறது.

நிற்கும் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. 1942 ஆகஸ்டில் ஸ்டாலின்கிராட் எரிந்தபோது எம்மானுவில் எவ்ஸெரிகின் எடுத்த படத்தில், ஆறு குழந்தைகள் கைகோத்து ஒரு முதலையைச் சுற்றி ஆடும் நீரூற்றுச் சிலை இருக்கிறது. பின்னால் கட்டடங்கள் எரிந்துகொண்டிருக்கின்றன. ரயில் நிலையச் சதுக்கத்தில் இருந்த நீரூற்று அது. ஆனால் அதே அச்சில் வார்த்த சிலைகள் சோவியத் நாட்டின் வேறு ஊர்களிலும் வைக்கப்பட்டிருந்தன. சிலையை மட்டும் வைத்து இடத்தை முடிவுசெய்தால் ஊரே மாறிப்போகலாம். பின்னாலுள்ள கட்டடங்கள்தான் வழக்கைத் தீர்க்கின்றன. பிறகு சிலையை அகற்றிவிட்டார்கள். 2013-ல் அதன் மறுவார்ப்புகளை அந்நகரத்தில் இரண்டு இடங்களில் நிறுவினார்கள். இனி வரும் தலைமுறைக்கு இதுவே ஒரு புதுக் குழப்பம்.

கோபுரமும் சிலையும் இல்லாத படங்களில் தரையைப் பார்க்க வேண்டும். டிராம் தண்டவாளம் எந்த இடத்தில் வளைகிறது, நடைபாதைக் கல் எங்கே திரும்புகிறது, பாலத்துக்கு எத்தனை கண்கள், ஆறு எவ்வளவு அகலம், தூரத்து மலையின் முதுகு எப்படி ஏறி இறங்குகிறது. குண்டு கூரையைப் பெயர்க்கும், மலையைப் பெயர்க்காது. காப்பாவின் வேறொரு படம் இதற்குச் சான்று. குண்டடிபட்டுச் சாயும் ஸ்பானியப் போராளியின் படம் செர்ரோ முரியானோ என்ற இடத்தில் எடுக்கப்பட்டதாகவே நெடுங்காலம் சொல்லப்பட்டது. ஹோசே மனுவேல் சுஸ்பெரேகி என்ற பேராசிரியர் அதே வரிசைப் படங்களின் பின்னணியிலுள்ள மலைகளின் தோற்றத்தை அந்த வட்டாரத்து ஊர்களில் உள்ளவர்களுக்கு அனுப்பிக் கேட்டார். எஸ்பெஹோ என்ற ஊரிலிருந்து, இது எங்கள் ஊர்க் காட்சி என்று பதில் வந்தது. இரண்டுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். 2009-ல் இது வெளியானபோது எழுந்த கேள்வி இடத்தைப் பற்றியது மட்டும் இல்லை. அந்த நாட்களில் எஸ்பெஹோவில் சண்டையே நடக்கவில்லை என்றால், படத்திலிருப்பவர் உண்மையில் சாகிறாரா? போர்ப் புகைப்படத்தின் மிகப் புகழ்பெற்ற ஒரு கணத்தின் மேல் விழுந்த அந்தச் சந்தேகம் இன்னும் நீங்கவில்லை. தொடுவானத்திலுள்ள ஒரு மலையின் வளைவு செய்த வேலை அது.

கண்ணால் இனங்கண்டபின் கணக்கு வருகிறது. இதன் அடிப்படை நம் கடலோர மீனவர்களுக்குப் புதிதில்லை. கரையிலுள்ள கோபுரமும் அதற்குப் பின்னாலுள்ள மலையும் ஒரே நேரில் வந்தால் படகு ஒரு குறிப்பிட்ட கோட்டில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். வேறு திசையில் இன்னொரு சோடி நேராக வரும்போது இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியில் வலை போடுவார்கள். இடிபாட்டுப் படத்திலும் அதேதான். ஒரு புகைபோக்கி ஒரு தேவாலயத்தின் ஓரத்தை ஒட்டி நின்றால், வரைபடத்தில் இரண்டையும் இணைத்து நம் பக்கமாகக் கோட்டை நீட்ட வேண்டும். கேமரா அந்தக் கோட்டின் மேல்தான் எங்கோ இருந்தது. இன்னொரு சோடி கிடைத்தால் புள்ளி கிடைத்தது. மூன்றாவது சோடியும் அதே புள்ளியில் வந்து விழுந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். உயரத்துக்கும் ஒரு வழி உண்டு. சமதரையில் தொடுவானக் கோடு படத்தில் எந்தெந்தக் கட்டடத்தை எந்த மட்டத்தில் வெட்டுகிறதோ, அந்த மட்டம்தான் கேமரா இருந்த உயரம். எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடிச் சன்னலை அது வெட்டினால், படம் எடுத்தவரும் அந்த உயரத்தில் ஏதோ ஒரு மாடியில் நின்றிருக்கிறார்.

நிழல் நேரத்தைச் சொல்லும், திசையையும் சொல்லும். ஹிரோஷிமாவில் நிழல் இதைவிடப் பெரிய காரியத்தைச் செய்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டின் ஒளி தார்ச்சாலைகளிலும் கல்லிலும் வண்ணப்பூச்சிலும் பொருள்களின் நிழலை எரித்துப் பதித்துவிட்டது. யொரோசுயோ பாலத்தின் கைப்பிடிச் சுவர் பாலத்தின் தார்மேல் வரிவரியாக நிழலாகப் பதிந்திருந்தது. அந்த நிழல் காட்டிய திசையையும் அதன் நீளத்தையும் அளந்து, நகரின் வேறு இடங்களில் பதிந்த நிழல்களோடு சேர்த்துப் பின்னோக்கிக் கோடு போட்டபோதுதான், குண்டு ஷிமா மருத்துவமனைக்கு மேலே ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது என்று தெரிந்தது. ஒரு படத்தின் இடத்தைக் கண்டுபிடிக்கும் அதே வடிவக்கணிதம். வேறுபாடு ஒன்றுதான்: இங்கே நகரமே பிலிமாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, 2010-ல், ஹிரோஷிமா நகரப் பல்கலைக்கழகத்தில் விமானத்திலிருந்து எடுத்த ஒரு படத்தின் கடற்கரைக் கோட்டை வைத்து விமானம் இருந்த இடத்தைக் கணக்கிட்டார்கள். அதிலிருந்து, 8 கிலோமீட்டர் என்று சொல்லப்பட்டுவந்த அணுமேகத்தின் உயரம் அதன் இருமடங்கு, 16 கிலோமீட்டர் என்று வந்தது. கேமரா எங்கே இருந்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்தால் படத்திலுள்ள எல்லாவற்றுக்கும் அளவு கிடைத்துவிடும்.

பிலிம் சுருளின் வரிசையும் ஒரு வரைபடம்தான். நாகசாகியில் குண்டு விழுந்த மறுநாள், ஆகஸ்ட் 10 விடியற்காலை இருட்டில், யமஹாத்தா யோசுகே என்ற ராணுவப் புகைப்படக்காரர் மிச்சினோவோ ரயில் நிலையத்தில் இறங்கி எரிந்த பள்ளத்தாக்கின் வழியே நடந்தார். ஒரே நாளில் அவர் எடுத்தவை நூற்றுக்கும் மேல். தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் பல எந்த இடம் என்று சொல்ல முடியாத சாம்பல்வெளி. வரிசையில் வைத்தால் நடந்த பாதை தெரிகிறது. இரும்பாலையின் முறுக்கிய சட்டங்கள் ஒரு படத்தில், பிறகு ஒரு தெரு, அடுத்து இன்னோர் அடையாளம். தெரிந்த இரண்டு படங்களுக்கு நடுவே வரும் தெரியாத படம் அவற்றுக்கு நடுவே உள்ள தூரத்துக்குள் தான் இருக்க முடியும். அணுகுண்டு வேறொரு திசைகாட்டியையும் விட்டுச் சென்றது. கம்பங்களும் மரங்களும் வெடித்த மையத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தன. சாய்வைப் பார்த்தால் மையம் எந்தப் பக்கம் என்று தெரியும். சன்னோ கோயிலின் கல் தோரணவாயிலில் ஒரு தூண் விழுந்து மறு தூண் மட்டும் இன்றும் நிற்கிறது.

இவற்றோடு ஒப்பிட மேலிருந்து பார்த்த சாட்சிகள் வேண்டும். குண்டு போட்டவர்களே போடுமுன்னும் போட்டபின்னும் வானிலிருந்து எடுத்த படங்கள் இன்று ஆவணக்காப்பகங்களில் பார்க்கக் கிடைக்கின்றன. அழிப்பதற்காக எடுத்த படம் அழிந்ததை மீட்கப் பயன்படுகிறது. லண்டன் மாவட்ட மன்றம் போர்க்காலத்தில் தெருத்தெருவாக வண்ணம் தீட்டிய சேத வரைபடங்களை வைத்திருந்தது. முற்றிலும் அழிந்த கட்டடத்துக்குக் கறுப்பு, பழுதுபார்க்க முடியாததற்கு ஊதா, இப்படிப் படிப்படியாக. படத்தில் மூன்று வீடு போய் நான்காவது வீடு நிற்கிறது என்றால், வரைபடத்தில் மூன்று கறுப்புக்குப் பக்கத்தில் வெளிர்நிறம் உள்ள மூலையைத் தேட வேண்டியதுதான். இன்று இணையத்தில் கிடைக்கும் செயற்கைக்கோள் படங்களும் தெருக்காட்சிகளும் இந்த வேலையை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்துவிட்டன. சிரியாவிலும் உக்ரைனிலும் எடுக்கப்படும் படங்களைச் சரிபார்ப்பவர்களின் கைமுறையும் இதுதான். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். மங்கலான பழைய படத்தைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு துலக்கினால், அது இல்லாத சன்னலையும் இல்லாத எழுத்தையும் தானே வரைந்து சேர்த்துவிடும். அப்படித் துலக்கிய படத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

இவ்வளவும் செய்து இடம் உறுதியானாலும், இடம் உண்மை என்பதற்காகக் காட்சியும் உண்மை என்று ஆகிவிடாது. இந்தியாவிலேயே இதற்குக் கசப்பான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1857 நவம்பரில் லக்னோவின் சிக்கந்தர் பாக்கில் பிரிட்டிஷ் படை சுமார் 2,000 இந்திய வீரர்களைக் கொன்றது. அடுத்த ஆண்டு வசந்த காலத்தில்தான் ஃபெலிச்சே பியாட்டோ கேமராவோடு லக்னோ வந்தார். அவர் எடுத்த படத்தில் சிதைந்த மாளிகையின் முன்னால் மனித எலும்புகள் பரவிக் கிடக்கின்றன. இடத்தில் ஐயமில்லை, அந்தத் தோட்டத்தின் வாயில் இன்றும் இருக்கிறது, தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அந்த வளாகத்தில் இயங்குகிறது. ஆனால் எலும்புகள் படத்துக்காகப் பரப்பி வைக்கப்பட்டவை. கொன்றவர்களின் பக்கம் நின்று, கொல்லப்பட்டவர்களின் எலும்பை அலங்காரமாக வைத்து எடுத்த படம் அது. பெயர் தெரியாமல் போன அந்த வீரர்களுக்கு மிஞ்சியிருக்கும் புகைப்படச் சாட்சியும் அவமதிப்பிலிருந்து பிறந்தது என்பது வேதனை.

கிரைமியப் போரில் ரோஜர் ஃபென்டன் எடுத்த இரண்டு படங்களும் இதே கேள்வியை எழுப்பின. 1855-ல் செவஸ்தபோல் அருகே ஒரு பள்ளத்தில், கேமராவை நகர்த்தாமல் இரண்டு முறை எடுத்திருக்கிறார். ஒன்றில் பாதை வெறுமையாக இருக்கிறது, மற்றதில் பாதை முழுக்க பீரங்கிக் குண்டுகள். எது முதலில் எடுத்தது? திரைப்பட இயக்குநர் எரோல் மோரிஸ் இதற்காக அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். விடை கொடுத்தவை சரிவிலிருந்த சின்னச் சின்னக் கற்கள். இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் சில கற்கள் வெறும் பாதை உள்ள படத்தில் மேலேயும் குண்டுகள் உள்ள படத்தில் சற்றுக் கீழேயும் இருக்கின்றன. கல் காலடி பட்டு உருண்டால் கீழேதான் போகும். ஆகவே வெறும் பாதைதான் முதல் படம்.

ஊர்க்காரர்களின் நினைவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது தவறும், தெரிந்ததைத் தெரியாததோடு ஒட்டவைக்கும். ஆனாலும் அதைத் தள்ளிவிட முடியாது. 1945 ஏப்ரல் 18 அன்று லைப்சிக் நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் இயந்திரத் துப்பாக்கியோடு நின்ற ரேமண்ட் போமன் என்ற அமெரிக்கச் சிப்பாய் சுடப்பட்டு விழுந்ததைக் காப்பா படமெடுத்தார். அந்த வீடு யான் நிழற்சாலை 61. பிறகு அது பாழடைந்து, இடிக்கப்படும் நிலைக்கு வந்தது. இடத்தை அறிந்த நகர மக்கள் சிலர் விடாமல் போராடினார்கள். வீடு செப்பனிடப்பட்டது, கீழ்த்தளத்தில் அந்தப் படங்களின் கண்காட்சி வந்தது, பக்கத்துத் தெருக்களுக்குப் போமனின் பெயரும் காப்பாவின் பெயரும் சூட்டப்பட்டன.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாளன்றே நகருக்குள் எடுத்த படங்களில் நெஞ்சை அதிகம் உலுக்குபவை மத்சுஷிகே யோஷிதோவின் ஐந்து படங்கள். சூகோக்கு ஷிம்புன் நாளிதழின் புகைப்படக்காரர், வயது 32. நகர மையத்துக்குப் போகப் பார்த்துத் தீயில் வழி மறிக்கப்பட்டு மியூகி பாலத்துக்குத் திரும்பிவந்தார். மையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காலை பதினொரு மணி கடந்திருந்தது. பாலத்தின் மேற்கு முனையில் ஒரு காவல் சாவடி. அதன் முன்னால் தரையில் மக்கள் குந்தியிருக்கிறார்கள், பெரும்பாலோர் கேமராவுக்கு முதுகைக் காட்டியபடி. பள்ளிச் சீருடை போட்ட மாணவிகள் இருக்கிறார்கள். கருகிய தலைமயிர், கிழிந்து தொங்குவது துணியா தோலா என்று தெரியாத கைகள். தீப்புண்ணுக்குத் தடவ யாரோ சமையல் எண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் தெருவைப் புகை மூடியிருக்கிறது. வெகுநேரம் தயங்கிய பிறகே முதல் படத்தை எடுக்க முடிந்தது என்றும், கண்ணில் நீர் கட்டிக் காட்சித்துளை மங்கிவிட்டது என்றும் அவர் பின்னாளில் சொன்னார்.

இந்த முதல் படத்தில் கோபுரம் இல்லை, மலை இல்லை. இடத்தை நிறுத்திப் பிடிப்பவை காவல் சாவடியும் பாலமுனையில் தெரு திரும்பும் விதமும் எடுத்தவரின் சாட்சியமும்தான். இடம் இவ்வளவு உறுதியாகத் தெரிந்ததால், அந்த நேரத்தில் அந்தப் பாலமுனையில் யார் இருந்தார்கள் என்று தேடிப்போக முடிந்தது. முதுகு மட்டும் தெரியும் உருவங்களில் ஒன்றைத் தாம்தான் என்று சொல்லும் முதியவர்கள் முன்வந்தார்கள். 2015-ல் ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. அவர்களுடைய நினைவுகளைக் கேட்டு, கணினியின் உதவியோடு அந்தப் பாலமுனையின் காட்சியை மீண்டும் கட்டியெழுப்பியது. படத்துக்கு வெளியே என்ன ஒலி கேட்டது, யார் யாரிடம் தண்ணீர் கேட்டார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் பதிவானது.

முதல் படத்துக்குப் பிறகு மத்சுஷிகே சில அடிகள் முன்னே போய் இரண்டாவதை எடுத்தார். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் அந்தச் சில அடிகளை அளந்துவிடலாம். பாலம் பிறகு புதிதாகக் கட்டப்பட்டது. அதன் மேற்கு முனையில் இப்போது ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அந்தப் படத்தை அதில் பதித்திருக்கிறார்கள். உஜினா துறைமுகத்துக்குப் போகும் டிராம் சில நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தில் கடந்துபோகிறது. படத்தைப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால், காவல் சாவடி இருந்த பக்கம், தெரு திரும்பும் இடம், மாணவிகள் குந்தியிருந்த தரை எல்லாம் எதிரே இருக்கின்றன.